மதிப்பீட்டாளர் யார்?

(தனித்தமிழ் அன்பர்களின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



மொழிஞாயிறு பாவாணர் தம் கீழைக்கலைப் பட்டத்திற்கென "திராவிட மரபு தோன்றிய இடம் குமரிநாடே" என்னும் இடுநூலை எழுதி 1930களில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு விடுத்ததும், பல்கலைக்கழகம் அதனை ஏற்க மறுத்ததும் இங்கு அமர்ந்திருப்போர் அனைவரும் அறிந்தவை. அம் மறுப்பு நம் இயக்கத்தார் நெஞ்சில் இன்றும் ஆறாத புண். ஆய்விதழ் என்றாலும் அறிஞர் மதிப்பீடு என்றாலும் நம்மவர் முகஞ் சுளிப்பதற்கு அதுவே பெருங்கரணியம். "நம்மை மறுப்பதற்கென்றே அமர்ந்திருப்போரிடம் நம் கட்டுரையை ஏன் நீட்டவேண்டும்?" என்று கேட்கின்றனர். இன்று அக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். ஆய்விதழ்களில் மதிப்பீடு எவ்வாறு நடைபெறுகிறது, மதிப்பீட்டாளரைப் பொறுக்கி எடுப்பவர் யார், அம் முறையில் எங்கெங்கு ஓட்டைகள் உள்ளன என்பவற்றை அறியாமல், அது வேண்டும் என்பதும் வேண்டா என்பதும் வெறும் வாய்ப்பேச்சே.

முதற்கண் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலத்தார் இதற்கு இட்ட பெயரை நம் பல்கலைக்கழகத்தார் 'சக மதிப்பாய்வு' என்று பெயர்த்து வழங்குகின்றனர். 'சக' வடசொல். அதனைத் தூக்கி எறிந்துவிட்டு 'ஒத்தோர் மதிப்பீடு' என்போம். ஒத்தோர் யார்? அகவையால் ஒத்தோர் அல்லர். அமர்ந்திருக்கும் நாற்காலியால் ஒத்தோரும் அல்லர். எழுதப்பட்ட பொருளில், எழுதியவரோடு ஒத்த அறிவுடையோர். இத் துறையின் சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே கிடக்கின்றன என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

ஆய்வாளர் ஒருவர் தம் கட்டுரையை இதழுக்கு விடுக்கிறார். பதிப்பாசிரியர் முதலில் தாமே படிக்கிறார். இதழின் பொருளுக்குப் பொருந்தாததும், ஆய்வு என்னும் பெயருக்கே தகாததும் அங்கேயே திருப்பப்படும். எஞ்சியவை, அத் துறை வல்லார் இருவர்க்கோ மூவர்க்கோ செல்லும். அவர்கட்குப் பெரும்பாலும் கூலி இல்லை. அவர்கள் படித்துக் குறைநிறைகளை எழுத்தில் தருவர். உள்ளவாறே ஏற்கலாம், சிறு திருத்தம் வேண்டும், பெருந் திருத்தம் வேண்டும், ஏற்கலாகாது என்று நான்கில் ஒன்றைப் பரிந்துரைப்பர். நம்மவர் பலர் இங்குத்தான் தவறான எண்ணங் கொண்டுள்ளனர். மதிப்பீட்டாளர் நடுவர் அல்லர், சான்று கூறுவோர். நடுவர் பதிப்பாசிரியரே. இருவர் இரு வேறு வகையாக எழுதினால் மூன்றாமவரை நாடுவதோ, தாமே முடிவு செய்வதோ அவர் பொறுப்பு. ஆகவே, ஓர் இதழ் நேர்மையானதா என்று கேட்போர், மதிப்பீட்டாளரைப் பார்ப்பதற்கு முன் அவர்களைப் பொறுக்கிய கையைப் பார்த்தல் வேண்டும்.

அறிவியல் இதழ்கள் பலவற்றில், எழுதியவர் யார் என்பது மதிப்பீட்டாளர்க்குத் தெரியும். மதிப்பீட்டாளர் யார் என்பது எழுதியவர்க்குத் தெரியாது. மொழி, வரலாறு முதலிய துறைகளின் இதழ்களில் இரு பக்கமும் பெயரை மறைக்கும் வழக்கம் மிகுதி. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் நம் ஆசிரியர்கட்கு இது புதிதன்று. மாணவன் பெயர் கிழிக்கப்பட்டு மறைவெண் இடப்பட்ட தாளைத்தானே நாம் திருத்துகிறோம்! பெயரை மறைக்காமலே செய்வோரும் உளர். பிரித்தானிய மருத்துவ இதழ் 1999 முதல் தன் மதிப்பீட்டாளரைப் பெயரிட்டே எழுதச் செய்தது.

அவ் விதழைச் சார்ந்தோர் செய்த தேர்வு ஒன்றையும் இங்கே கூறவேண்டும். ஒரு கட்டுரையில் 8 குறைகளை வேண்டுமென்றே புகுத்தி 420 மதிப்பீட்டாளர்க்கு விடுத்தனர். விடை எழுதியோர் 221 பேர். அவர்கள் எடுத்துக்காட்டிய குறைகள், தலைக்கு ஏறத்தாழ இரண்டே. பெயரை மறைத்தாலும் வெளியிட்டாலும் அத் தொகையில் வேறுபாடு இல்லை. 1998இல் வெளிவந்த முடிவு இது. மதிப்பீடு கண்ட கட்டுரை என்றவுடன் கைகூப்புவோர் இக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இம் முறை எங்கே தோன்றியது? இலண்டன் அரசக் கழகத்தின் செயலராக இருந்த என்றி ஓல்டன்பர்க்கு 1665இல் தொடங்கிய மெய்யியல் நடவடிக்கை இதழே ஆய்விதழ்களின் முன்னோடி எனப் போற்றப்படுகிறது. ஆனால் அன்று பொறுக்கியவர் அவர் ஒருவரே. 1752இல் கழகம் அதனைத் தன் பொறுப்பில் கொண்டு, குழு அமைத்து, வாக்கெடுத்து முடிவு செய்தது. எழுத்து வடிவிலான மதிப்புரையை 1830களின் தொடக்கத்தில் வலியுறுத்தியவர் வில்லியம் கியூவெல். வானியலறிஞர் ஏரி எழுதிய கட்டுரையைக் கியூவெலும் சான் லப்பாக்கும் சேர்ந்து மதிப்பிட நேர்ந்தது. லப்பாக்கு கணக்கில் குறை கண்டார். கியூவெலோ, நல்ல கட்டுரையின் பெருமையை உலகுக்கு எடுத்துரைப்பதே மதிப்புரையின் வேலை என்றார். முதல் மதிப்புரையிலேயே இருவர்க்கும் ஒத்துப்போகவில்லை! குறை காண்பதா, நிறை கூறுவதா என்னும் அவ் வழக்கு இருநூறு ஆண்டு நெருங்கியும் தீரவில்லை.

இந்த லப்பாக்கின் பெயரை நினைவிற் கொள்க. சான் சேம்சு வாட்டர்சுடன் என்பவர் பம்பாயில் கிழக்கிந்தியக் குழுமத்தின் கப்பற் பயிற்சியாளர்க்குக் கற்பிக்கும் ஆசிரியராக இருந்தவர். பெரிய கல்லூரித் தொடர்போ, பெயரோ அவர்க்கு இல்லை. வளியின் நுண்துகள்கள் எத்திசையும் ஓடி மோதுவதாலேயே அழுத்தமும் வெப்பமும் தோன்றுகின்றன என்று கணக்கிட்டு, 1845இல் நெடுங்கட்டுரை ஒன்றை இலண்டனுக்கு விடுத்தார். மதிப்பிட்டோர் இருவர். அவருள் ஒருவர் லப்பாக்கு. வெறும் பிதற்றல், அவையில் படிக்கவும் தகாதது என்று ஒரே போடாகப் போட்டார். கட்டுரை அச்சேறவில்லை. கழகத்தின் பெட்டகத்துக்குள் சென்ற தாள் உரியவர்க்குத் திரும்பவும் இல்லை. வாட்டர்சுடன் வேறு படி எடுத்து வைத்திருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து 1857இல் கிளாசியசும், அவரையடுத்து மாக்சுவெல்லும் அதே வழியில் வந்து புகழ் பெற்றனர். 1883இல் எடின்பரோவில் வீட்டை விட்டு வெளியே சென்ற வாட்டர்சுடன் திரும்பவேயில்லை. 1891இல் அரசக் கழகச் செயலராக இருந்த இரேலி பெருமகனார் அப் பெட்டகத்தைத் துழாவி அக் கட்டுரையைக் கண்டெடுத்து மறு ஆண்டு வெளியிட்டார். அதனை வெளியிடாது விட்டமையால் அத் துறையின் வளர்ச்சி பத்துப் பதினைந்து ஆண்டு பின்தங்கியிருக்கும் என்று முன்னுரையில் எழுதினார்.

அவ்வளவோடு நிறுத்தினாரா? இல்லை. பெயர் பெறாத இளைஞர்கள் முதலில் சிறு சிறு ஆய்வுகளைச் செய்து தம்மை நிலைநாட்டிக்கொண்டு, அதன் பின்னரே பெருங்கருத்துகளைக் கூறத் துணிதல் நன்று என்னும் அறிவுரையும் சேர்த்தார்! கொன்றவனை விட்டுவிட்டுச் செத்தவனுக்கு அறிவுரை கூறுவது எந்த நாட்டு முறையோ நான் அறியேன். இரேலி பெரிய அறிஞர், நேர்மையாளர். எனினும் பெருங்குடியிற் பிறந்தவர்; பம்பாயில் கப்பற் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நிலை அவர்க்கு முழுதும் விளங்கவில்லை.

பெயரும் ஊரும் மதிப்பீட்டாளர் கண்ணை எவ்வாறு மறைக்கும் என்பதற்கு அமெரிக்க உளவியலார் இருவர் 1982இல் வெளியிட்ட சான்று ஒன்று உண்டு. பீட்டர்சு, செசி என்பன அவர்கள் பெயர்கள். புகழ் பெற்ற பல்கலைக்கழகத்தார் எழுதி முன்பே அச்சேறியிருந்த 12 கட்டுரைகளை எடுத்தனர். எழுதியோர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மாற்றி, யாரும் கேள்விப்படாத பொய்ப்பெயர்களை இட்டு, எந்த இதழ் எதனை வெளியிட்டதோ அதற்கே திரும்ப விடுத்தனர். முன்பு வந்ததே என்று கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. எஞ்சிய ஒன்பதில் எட்டு மறுக்கப்பட்டன. ஆய்வுமுறையில் பெருங்குறை உண்டு என்பது பலவற்றுக்குச் சொல்லப்பட்ட கரணியம். அதே கட்டுரை, அதே இதழ்! பெரிதும் மாறியது தலைப்பின் கீழிருந்த பெயரே.

இனி மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். மதிப்பீட்டாளரால் காக்கப்பட்டவர்களும் உளர். அவருள் தலையானவர் ஐன்சுடைன். 1936இல் அவரும் உரோசனும் சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் என்பன இல்லை என்று முடிவு கட்டி, 'பிசிக்கல் இரிவியூ' என்னும் அமெரிக்க இதழுக்குக் கட்டுரை விடுத்தனர். பதிப்பாசிரியர் சான் டேட்டு அதனைத் துறையறிஞர் ஒருவர்க்கு விடுத்தார். உலகமே போற்றும் ஒருவர் எழுதியதை இன்னொருவர்க்குக் காட்டித் திருத்தக் கேட்பது எத்துணைத் துணிவு! ஏறத்தாழப் பத்துப் பக்க மறுப்புரை வந்தது. ஐன்சுடைனுக்குக் கடுஞ்சினம். அச்சிடவே விடுத்தேன், அச்சாகுமுன் பிறர்க்குக் காட்ட நான் இசைவு தரவில்லை என்று எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பின்னர் ஆய்வுக் கட்டுரை எதனையும் அவ் விதழுக்கு அவர் விடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு வேறோர் இதழில் அது வெளிவந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. மறுப்புரை எழுதிய இராபர்ட்சன் என்பார், தாம் யார் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், ஐன்சுடைனின் உதவியாளரோடு நட்புப் பூண்டு பிழையை அவர்க்கு விளக்கியிருந்தார். மதிப்பிட்டவர் இவரே என்பது 2005இல்தான் உலகறிய வெளிப்பட்டது. 2015இல் அவ் வலைகள் கருவியிலேயே பிடிபட்டன.

வாட்டர்சுடனை மதிப்பிட்டவரும் மறுத்தார். ஐன்சுடைனை மதிப்பிட்டவரும் மறுத்தார். ஒருவர் மறுப்பு ஒரே தொடர். மற்றவர் மறுப்பு பத்துப் பக்கம். பத்துப் பக்கத்திற்கு விடை எழுதலாம். அதில் தவறிருந்தால் சுட்டலாம். சரியிருந்தால் சினந்தேனும் திருந்தலாம். பிதற்றல் என்னும் ஒரு சொல்லுக்கு என்ன விடை எழுதுவது? பாவாணர் வழக்கிலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். ஏன் மறுத்தீர் என்று பல்கலைக்கழகத்தை இன்றும் சாடுகிறோமே, எந்தெந்தப் பக்கத்தில் எந்தெந்தச் சான்று பொருந்தவில்லை என்று கேட்டு வாங்கும் முறை ஒன்றை நாமாவது நம் இதழ்களில் அமைத்தோமா? அப் பெருமகனார் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. 1940இல் 'ஒப்பியன் மொழிநூல்' வெளிவந்தது. மறுத்தவர்க்கு விடையை நூலாகவே எழுதினார்.

மதிப்பீட்டாளரைப் பொறுக்கும் முறைக்கு வருகிறேன். கட்டுரையின் இறுதியில் காட்டப்பட்ட நூல்களை எழுதியோர், அவ் விதழில் முன்னர் எழுதியோர், இதழின் குழுவிலுள்ளோர் ஆகியோரிடையே பதிப்பாசிரியர் தேடுவார். எழுதியவரின் ஆசிரியர், மாணவர், உடனெழுதியவர், ஒரே நிறுவனத்தார், உறவினர் ஆகியோர் விலக்கப்படல் நெறி. சொல்வது எளிது. சிறு துறையாயின் என் செய்வது? ஒரு கல்வெட்டின் எழுத்தையோ ஒரு சொல்லின் வேரையோ உள்ளபடி ஆராய வல்லார் நாடு முழுதும் பத்துப் பேர் எனக் கொள்வோம். அவருள் மூவர் எழுதியவரின் பள்ளியைச் சார்ந்தோர். மூவர் அவரோடு முப்பது ஆண்டாக வழக்காடுவோர். இருவர்க்கு உடல் நலமில்லை. ஒருவர் மடலுக்கு விடையே எழுதமாட்டார். எஞ்சிய ஒருவரை வைத்துக்கொண்டு இதழ் நடத்தவேண்டும்!

இத் தொல்லையைத் தவிர்க்கவே, மதிப்பீட்டாளர் பெயர்களை எழுதியவரையே பரிந்துரைக்கச் செய்யும் வழக்கம் பல இதழ்களில் வந்தது. விளைவு? பரிந்துரைத்த பெயர் உண்மை அறிஞருடையதாக இருக்கும். அதனோடு கொடுத்த மின்னஞ்சல் முகவரி எழுதியவருடையதாகவே இருக்கும். தம் கட்டுரைக்குத் தாமே மதிப்புரை எழுதிக்கொண்டனர். கொரிய ஆய்வாளர் ஒருவரின் இச் செயல் 2012இல் வெளிப்பட்டது. மதிப்புரைகள் ஒரு நாளுக்குள்ளேயே வந்து விழுந்தமைதான் பதிப்பாசிரியர்க்கு ஐயம் ஊட்டியது. உண்மை அறிஞன் அவ்வளவு விரைவில் எழுதுவானா என்ன! 2014இல் அதிர்வியல் இதழ் ஒன்று 60 கட்டுரைகளையும், 2017இல் புற்றுநோய் ஆய்விதழ் ஒன்று 107 கட்டுரைகளையும் இத்தகைய பொய் மதிப்பீட்டின் பொருட்டுத் திரும்பப் பெற்றன. இவையெல்லாம் பேர்பெற்ற பதிப்பகங்களின் இதழ்கள்.

நம் நாட்டிலோ பொய் மதிப்பீட்டாளர் என்னும் அளவு உழைப்புக்கூடத் தேவைப்படவில்லை. ஆசிரியப் பணிக்கும் பணி உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணிக் கணக்குப் பார்க்கும் முறை வந்த பின், தொகை கட்டினால் கிழமைக்குள் அச்சிட்டுச் சான்றிதழும் தரும் இதழ்கள் புற்றீசல்போற் கிளம்பின. பல்கலைக்கழக நல்கைக் குழு தான் ஏற்ற பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை 2018 மே மாதத்தில் நீக்கியது. 2019இல் வேறு பட்டியல் தொடங்கியது. அதனையும் 2025இல் கைவிட்டது. தமிழின் பெயரால் நடக்கும் இதழ்களும் இவ் வணிகத்துக்கு விலக்கல்ல. அட்டையில் 'பன்னாட்டு' என்றிருக்கும். உள்ளே ஒற்றுப்பிழை இல்லாத பக்கம் இராது.

நமக்கு இம் முறை வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர்க்கு ஒன்று கூறுவேன். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. அதற்கு உரை வரைந்த நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். அகத்தியர் தொல்காப்பியர்மேற் சினங்கொண்டு, அந் நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசானிடம் கூறினாராம். தொல்காப்பியரோ, கேட்டேயாகவேண்டும் என்று பன்முறை வேண்டினாராம். இருவர் சினத்துக்கும் ஆளாகாதிருக்க எண்ணிய ஆசான், நூலைக் கேட்போம், ஆனால் குற்றங்கூறி விட்டுவிடுவோம் என்று அமர்ந்தாராம். அவர் எழுப்பிய தடைகளுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை இறுத்தாராம். அகத்தியர் கதைகளை நாம் ஏற்பதில்லை. இதனையும் வரலாறாக நான் கூறவில்லை. ஆயினும் இக் கதையைக் கட்டியவர் மதிப்பீட்டின் உட்கிடையை எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறார் பாருங்கள்! மேலிடத்தின் அழுத்தம் இருக்கிறது. மதிப்பீட்டாளர்க்கு முன்முடிவு இருக்கிறது. ஆயினும் அவர் வாய்திறந்து கடா எழுப்பவேண்டும், அதற்கு விடையிறுக்க நூலாசிரியர்க்கு வாய்ப்பு வேண்டும் என்னும் ஒரே நெறி நூலைக் காத்துவிட்டது. பகைமனத்தோடு அமர்ந்தவர் முன் நின்றது என்பதே அக் கதையில் அந் நூலுக்குப் பெருமை.

நம் இதழ்களின் நிலை என்ன? சிலவாண்டுகட்கு முன் நம் இயக்கச் சார்பிதழ் ஒன்றில் அன்பர் ஒருவர் 'சாவி' தூய தமிழே என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். வேர் காட்டினார், கிளை காட்டினார். அடுத்த மாதம் அவரைப் பாராட்டி மூன்று மடல்கள். சாவி போர்த்துக்கீசியர் வழி வந்த சொல் என்பதும், நமக்குத் திறவுகோல் என்னும் சொல் உண்டு என்பதும் அம் மூவர்க்கும் நினைவில் வரவில்லை. நம்மவர் எழுதியதை நம்மவர் படித்து நம்மவரே பாராட்டினால் இப்படித்தான் ஆகும். அன்னார் ஒரு சொல்லைக் காக்க எண்ணினார். மாற்றாரோ அதே நான்கு பக்கத்தைக் காட்டிப் பாவாணர் காட்டிய வேர்களையும் சேர்த்து எள்ளுகின்றனர். ஒரு பொய் வேர் நூறு மெய் வேர்களை ஐயத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது.

ஆகவே நம் திங்களிதழில் வேர்ச்சொல், வரலாறு ஆகிய பொருள்களில் வரும் கட்டுரைகளையேனும் பெயர் நீக்கி இருவர்க்கு விடுக்கவேண்டும் என்று இங்கே முன்மொழிகிறேன். அவருள் ஒருவர் கட்டாயம் நம் இயக்கத்திற்கு வெளியே நிற்பவராக இருக்கவேண்டும். வடமொழியோ பிற திரவிட மொழிகளோ கற்றவர், நம் முடிவுகளை ஒப்பாதவர் எனின் இன்னும் நன்று. மறுப்பதாயின் பக்க எண்ணிட்டுக் கரணியம் எழுதவேண்டும். ஒரு சொல் மறுப்புக்கு மதிப்பில்லை. எழுதியவர் விடையையும் மறுப்போடு சேர்த்துப் பதிப்பாசிரியர் பார்க்கவேண்டும். பகைவர் கையில் நம் இதழை ஒப்படைப்பதா என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. ஒப்படைக்கவில்லை ஐயா, முடிவு நம் பதிப்பாசிரியரிடமே இருக்கிறது. அவர்கள் கண்ணை மட்டும் கடனாகப் பெறுகிறோம். இதனால் ஒரு கட்டுரை அச்சேற மூன்று திங்கள், நான்கு திங்கள் ஆகலாம். ஆகட்டும், ஈராயிரம் ஆண்டுச் சொல் நான்கு திங்களில் ஓடிவிடாது.

தொடக்கமாக, நான் எழுதியுள்ள வேர்ச்சொற் கட்டுரை ஒன்றின் இரண்டு படிகளைப் பெயரின்றித் தட்டச்சிட்டுக் கொணர்ந்திருக்கிறேன். அவைத்தலைவரிடம் இப்போது ஒப்படைக்கிறேன். எச் சொல்லைப் பற்றியது என்பதை இங்கே கூறமாட்டேன். இவ் வவையில் உள்ளோர் எவரும் அதனை மதிப்பிடல் கூடாது. என் நடையை நீங்கள் அறிவீர்கள். வெளியிலிருந்து யார் இருவரைப் பொறுக்குவது என்பது அவர் பொறுப்பு. அவர்கள் யார் என்பதை எனக்குச் சொல்லவேண்டா. அவர்கள் எழுதுவதை மட்டும் ஓர் எழுத்தும் குறையாமல் எனக்குக் கொடுங்கள்.